பச்சை ஒயரின் மறுமுனை

மகனே,

மூன்று வாரத்துக்கு முன்னால் நீ போனில் மூன்று கேள்வி கேட்டாய். "நைனா, வீட்டுக்கு எத்தனை கிலோவாட் லோடு வாங்கியிருக்குது? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? எர்த்திங் சரியா இருக்குதா?" மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதிலாக, "எல்லாம் இருக்குதுடா, நீ வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட எனக்கு அர்த்தம் தெரியாது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். கேட்கக் கேட்கத் தெளிவதற்குப் பதில் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். இப்போது வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் குழப்பம் முடியவில்லை. காரை விட்டு இறங்கி வேறு எங்கோ போய்விட்டது. போனில் சொல்லலாம் என்றால் நீ "சரி நைனா, வெச்சிடறேன்" என்று அரை நிமிஷத்தில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் போடுவாள். அவள் அடித்தல் திருத்தல் போட்டால் அதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

நீ அன்று சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வாக்கியம். "பாப்பாவுக்கு மேல்மலையனூர்ல மொட்டை போட வர்றோம். கரண்டு கார்ல வர்றோம். சார்ஜ் ஏற ராத்திரி முழுக்க ஆகும், அதனால ரெண்டு நாள் தங்குறோம். வீட்டுல வசதி இல்லன்னா திண்டிவனத்துல சார்ஜர் வெச்ச லாட்ஜ்ல ரூம் போட்டுக்கிறோம்." இதில் 'தங்குறோம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு முடித்து ஹாஸ்டலுக்குப் போனவன் நீ. லீவுக்குக்கூட விழுப்புரத்தில் உன் மாமா வீட்டுக்குத்தான் போனாய். வேலைக்குப் போனபின் காலை பஸ்ஸில் வருவாய், அம்மா கையால் சாப்பிடுவாய், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவாய். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் நீ ஒரு ராத்திரி படுத்துத் தூங்கியதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. இப்போது ஒரு கார் உன்னைத் தங்க வைக்கும் என்றால், அந்தக் காருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் நான் நினைத்தது, இது பெரிய செல்போன் மாதிரி ஒன்று, ஒயரை நீட்டி ஏதாவது ஒரு பிளக்கில் சொருகினால் போதும் என்று. கேட் ஓரம் இருந்த சுவரைக் கொஞ்சம் இடித்து, கார் ஏற சிமெண்ட் சாய்வு போட்டேன். அதுவரை தெளிவாகத்தான் இருந்தேன். பிறகு கடைத்தெருவில் வாய் விட்டேன், போச்சு. ஹார்டுவேர் கடைக்காரர் "த்ரீ ஃபேஸ் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்றார். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் "பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக்கு ஒண்ணு போதுங்க, என் மச்சான் அப்படித்தான் வெச்சிருக்கான்" என்றார். டீக்கடையில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "அதெல்லாம் சரி, கோட்டைக் குரங்கு வந்து ஒயரைக் கடிச்சா இன்னா பண்ணுவே?" என்று கேட்டார். அதற்கு நான் இரண்டு நாள் யோசித்தேன். மின்வாரிய ஆபீஸில் ஒரு அம்மா பொறுமையாக விளக்கினார்: "உங்க வீட்டுக்கு வாங்கின லோடே ரெண்டு கிலோவாட்டுதான் சார். கார் மட்டும் தனியா மூணுக்கு மேல கேக்கும். கூடுதல் லோடு வேணும்னு எழுதிக் குடுங்க." எழுதிக் கொடுத்தேன். வெளியே வரும்போது, இத்தனை வருஷம் கரண்ட் என்பது ஊர் முழுக்க அளவில்லாமல் ஓடுகிறது, வேண்டியவன் வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறான் என்று நினைத்திருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம், நீ பதிவு செய்து வைத்தபடி, சார்ஜர் பொருத்துவதற்கு முன் வீட்டைச் சோதிக்க ஓர் ஆள் வந்தது. ஆள் என்றால் ஆண் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்தது ஒரு பொண்ணு. கோமதி என்று பெயர். இருபத்தைந்து வயசிருக்கும், கையில் பெட்டி, காலில் தடிமனான ஷூ. வாசலில் நான் எழுதி மாட்டியிருக்கும் பலகை உனக்குத் தெரியும், 'காலணிகளை வெளியே விடவும்' என்று. அதைக் காட்டினேன். "சாரி சார், எலக்ட்ரிக்கல் வேலையில ஷூவைக் கழட்டக் கூடாது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. செஞ்சிக் கடைத்தெருவில் முப்பது வருஷமாகச் செருப்பு விற்பவன் நான். ஊர்க்காலுக்கெல்லாம் செருப்பு மாட்டிவிட்டவன், என் வீட்டு நிலைப்படியை மட்டும் ஒரு செருப்பும் தாண்டவிட்டதில்லை. தோல் விற்கிற கை என்பதால் ஆசாரக்காரனாகக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்து காட்டினேன் போலிருக்கிறது. இப்போது யோசித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. கார் வேண்டுமே, நீ தங்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "சரி, வாம்மா" என்றேன். அவள் ஷூவோடு பூஜை அறையைக் கடந்து நேராக சமையல்கட்டுக்குப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் உன் அம்மா மேல்தொட்டிக்குத் தண்ணீர் விட மோட்டார் போட்டிருந்தாள். கோமதி ஒவ்வொரு பிளக்காக ஏதோ கருவியை வைத்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஃப்ரிட்ஜின் உடம்பில் வைத்தாள். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. பிளக்கில் வைத்தால் எரியும், எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜின் தகரத்தில் வைத்தால் ஏன் எரிய வேண்டும்? அவள் திரும்பி, "சார், இந்த வீட்டுல எர்த்தே இல்ல. வெறுங்காலோட இந்த ஃப்ரிட்ஜைத் தொடாதீங்க. கடிக்கும்" என்றாள்.

கடிக்கும் என்றாள், மகனே. அதே சொல்.

அவளோடு சண்டை போட்டேன். "இருபத்தாறு வருஷமா இந்த வீட்ல லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. எர்த்து இல்லன்னா எப்படிம்மா எரியும்?" என்று சத்தம் போட்டேன். "எரியும் சார். எரியறதுக்கு எர்த்து வேணாம், நாம எரியாம இருக்கறதுக்குத்தான் வேணும்" என்றாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சாமி காலண்டரை எடுத்துப் பார்த்தாள். அதற்குப் பின்னால், வெள்ளையடித்து வெள்ளையடித்து சுவரோடு சுவராகிப் போன ஒரு பச்சை ஒயர், சுருட்டி ஆணியில் மாட்டியபடி இருந்தது. வீட்டில் இருக்கிற எல்லா மூன்று ஓட்டை பிளக்கிலிருந்தும், மோட்டாரிலிருந்தும் ஒரு பச்சை ஒயர் கிளம்பி அங்கே ஒன்றாகச் சேர்கிறதாம். அங்கிருந்து மண்ணுக்குள் போக வேண்டியது, போகாமல் ஆணியில் தொங்குகிறது. "எல்லாத்தையும் ஒண்ணா சேத்துக் கட்டிட்டு, மண்ணுல விடாம விட்டுட்டாங்க சார். மோட்டார்ல லேசா லீக் இருக்குது. அது ஓடும்போது இந்த ஒயர் வழியா ஃப்ரிட்ஜு, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாத்துக்கும் கரண்டு வந்துடும். மோட்டாரை நிறுத்தினா எதுவும் கடிக்காது."

'விட்டுட்டாங்க' என்று அவள் யாரையோ சொன்னாள். விட்டது நான். அந்த ஒயரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இந்த வீடு கட்டினோம். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஒயரிங் முடியவில்லை. ஐயர் வந்து ஹோமம் முடித்துப் போன மறுநாள் ஒயர்மேன் கடப்பாறையோடு வந்து, "எர்த்துக்குக் குழி எடுக்கணும் மொதலாளி" என்றார். புது வீட்டில் பால் பொங்கின மறுநாளே குழி தோண்டுவதா? அபசகுனம் என்று பட்டது. "ஒரு வருஷம் போவட்டும்யா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன். அவரும் நல்ல மனுஷன், ஒயரைச் சுருட்டி மாட்டி, "மறந்துடாதீங்க" என்று சொல்லித்தான் போனார். அந்த வருஷம் பொங்கலுக்கு அந்த இடத்தில் காலண்டர் மாட்டினேன். அவ்வளவுதான், மறந்தே போனேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரிந்ததை நான் தெரிந்துகொண்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது முதல் தடவை சொன்னாய், "நைனா, ஃப்ரிட்ஜ் கடிக்குது." சிரித்தேன். பிறகு அடிக்கடி சொன்னாய். மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் பார்த்தபோது மோட்டார் ஓடவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். "சில நேரம் கடிக்குது நைனா, சில நேரம் கடிக்கல" என்றாய். அதைக் கேட்டதும் எனக்கு உறுதியாகிவிட்டது, பையன் கதை விடுகிறான் என்று. சில வருஷம் கழித்துப் புது ஃப்ரிட்ஜே வாங்கினேன். அதுவும் கடிக்கிறது என்றாய். வேலை சொன்னால் தட்டிக் கழிக்க ஒரு சாக்கு, வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டேன். நீயும் அதற்குமேல் சொல்வதை விட்டுவிட்டாய். கடையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, ஃப்ரிட்ஜைத் திறக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாய். எந்த வாத்தியாரும் சொல்லித் தராமல் அந்த வயசில் நீயாகக் கண்டுபிடித்த வழி அது. நான் கண்டது செருப்பை மட்டும்தான்.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது அந்தத் தீபாவளி. பனமலையிலிருந்து என் பெரியப்பா பிள்ளைகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். "தம்பி, எல்லாருக்கும் ஜில்லுன்னு தண்ணி கொண்டாடா" என்றேன். வீட்டில் அத்தனை பேர் இருந்தால் தண்ணீர் எப்படிப் பத்தும்? மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நீ செருப்பை மாட்டிக்கொண்டு, பூஜை அறைக்கு முன்னால், விளக்கு எரிகிற நேரத்தில், எல்லார் கண்ணெதிரிலும் நடந்து போனாய். யாரோ, "செருப்புக் கடை வீடாச்சே, செருப்புக்குப் பஞ்சமா" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு எங்கேயோ போய்த் தைத்தது. உன் காலிலிருந்து அதைப் பிடுங்கி, அதே செருப்பால் உன்னை அடித்தேன். பதினைந்து வயசுப் பிள்ளையை, சொந்தக்காரர்கள் எதிரில், செருப்பால். நீ அழவில்லை. "கடிக்குது நைனா" என்று ஒரு தடவை சொன்னாய். "பொய் சொல்றியாடா" என்று இன்னொன்று வைத்தேன். பரீட்சை முடிந்த கையோடு ஹாஸ்டல் வேண்டும் என்றாய். திமிர் என்று நினைத்தேன்.

கோமதி போனபிறகு சமையல்கட்டில் நின்று உன் அம்மாவைக் கேட்டேன், "உனக்கும் கடிச்சிருக்குதா?" அவள் மாவு கரைத்துக்கொண்டே, "தண்ணி விடற நேரத்துல லேசா சுர்ருங்கும். அந்த நேரம் ஃப்ரிட்ஜு கிட்ட போவமாட்டேன். கிரைண்டர் போட்டா மணைப்பலகை மேல நின்னுக்குவேன். பழகிப்போச்சு" என்றாள். எத்தனை வருஷமாக அந்த மணைப்பலகை கிரைண்டர் அடியில் கிடக்கிறது, இடுப்பு வலிக்காக என்று நினைத்திருந்தேன். "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னேனே. அவனை அடிச்ச அன்னிக்கே சொன்னேன். நீங்க வந்தவங்களை வழியனுப்பப் போயிட்டீங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. உன்னைக் கடித்திருக்கிறது, அவளைக் கடித்திருக்கிறது, என்னை மட்டும் ஏன் இருபத்தாறு வருஷம் கடிக்கவில்லை? நானும் வெறுங்காலோடுதானே வீட்டில் நடமாடுகிறேன்? சரி, பார்த்துவிடலாம் என்று மோட்டாரைப் போட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா "வேணாங்க, செருப்பாவது போட்டுக்குங்க" என்று கத்தினாள். கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. பயத்தால் இல்லை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, மகனே. என் வீட்டு ஃப்ரிட்ஜ். என் காசில் வாங்கினது. அதன் கைப்பிடி வலது பக்கமா இடது பக்கமா என்று தேடிக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் என்றால் கையில் வரும், தயிர் என்றால் இலைக்கு வரும். நான் அதை ஒரு நாளும் திறந்ததே இல்லை. பிறகு தொட்டேன். சுர்ரென்று முழங்கைவரை ஏறியது. கையை உதறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி பெரிதில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

மறுநாள் எர்த்துக் குழி எடுக்கக் கோமதி ஆட்களோடு வந்தாள். ஒயர்மேன் அன்று காட்டிய அதே இடத்தில் கடப்பாறை போட்டார்கள். மூன்றடியில் பாறை. இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் கோட்டைக் கல் தலையைக் காட்டும். நான் எவ்வளவு கேவலமான ஆள் பார், அந்தப் பாறையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குத் தோண்டியிருந்தாலும் நடந்திருக்காது, என் தப்பில்லை என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. கோமதி சுற்றிப் பார்த்துவிட்டு பத்தடி தள்ளி, குளியலறைத் தண்ணீர் போகிற வாழை மரத்தடியைக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி மண். மதியச் சாப்பாட்டுக்குள் குழி முடிந்தது. கம்பியை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். உப்பு மூட்டையை நானே தூக்கிப் போய்க் கொட்டினேன். அரை நாள் வேலை, மகனே. அரை நாள் வேலையை இருபத்தாறு வருஷம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் குழப்பம் விடவில்லை. லீக் இருந்தால் தானாக அணைகிற சுவிட்சு ஒன்று போட்டார்கள். அது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டப்பென்று அணைந்தது. போன கரண்ட் முழுசாகத் திரும்பி வரவில்லை என்றால் அணைந்துவிடுமாம். கரண்ட் திரும்பி வேறு வருமா? மண்ணெண்ணெய் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் என்றல்லவா நினைத்திருந்தேன். கோமதி எனக்கு இரண்டு தடவை படம் போட்டு விளக்கினாள், இரண்டு தடவையும் தலையாட்டினேன், புரியவில்லை. பழைய மோட்டாரைக் கழற்றிப் புது மோட்டார் போட்டபின் அந்தச் சுவிட்சு வாயை மூடிக்கொண்டது. கேட் பக்கம் சுவரில் உன் சார்ஜர் பெட்டி மாட்டியாகிவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. குரங்குக்காக மேலே வலைக்கூண்டு போட்டிருக்கிறேன், சிரிக்காதே.

நேற்று அம்மாவிடம், "பையன் காருக்கு எவ்வளவு அக்கறையா எர்த்தெல்லாம் கேக்கிறான் பாரு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்து, "காருக்காடா கேட்டான் அவன்? பாப்பா தரையெல்லாம் தவழுது. கண்டதையும் தொடும்" என்றாள். கோபம் வந்தால் என்னையும் 'டா' போடுவாள், உனக்குத் தெரியும். அதிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. நீ காருக்காகக் கேட்டாயா, குழந்தைக்காகக் கேட்டாயா? காரைச் சாக்காக வைத்து, நேரே கேட்டால் இந்த மனுஷன் பொய் என்பான், கம்பெனி ஆள் வந்து சொன்னால் நம்புவான் என்று கணக்குப் போட்டாயா? அப்படிப் போட்டிருந்தால் அது சரியான கணக்குதான். போடவில்லை என்றால், நானாகக் கண்டதையும் நினைத்துக் குழம்புகிறேன். நீ பதில் சொல்ல வேண்டாம். எது உண்மையாக இருந்தாலும் என்னால் தாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

அப்பன் மகனுக்கு எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தகுதி இருக்கிற புத்தி ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உன் மகள் ஏதோ ஒன்று கடிக்கிறது என்று வந்து சொல்வாள். பள்ளிக்கூடம் கடிக்கிறது என்பாள், ஒரு வாத்தியார் கடிக்கிறார் என்பாள், சொந்தக்காரன் ஒருத்தன் கடிக்கிறான் என்பாள். சில நேரம் கடிக்கும், சில நேரம் கடிக்காது என்றும் சொல்வாள். உனக்குக் கடிக்காததால் பொய் என்று நினைத்துவிடாதே. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் நிற்கிற இடத்தில் நின்று, நீயே ஒரு தரம் தொட்டுப் பார். அதற்கப்புறம் வாயைத் திற.

மன்னிப்பு என்ற சொல்லை உனக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தாள் கிழித்துப் போட்டேன். ஆனால் நான் உன்னைப் பொய்யன் என்றேன். நீ பொய் சொல்லவில்லை. செருப்பால் அடித்தேன். அடி வாங்க வேண்டியவன் நான். இதைத் தபாலில் எழுதி அனுப்பியதோடு விடமாட்டேன். அந்தத் தீபாவளியன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் மொட்டைக்கு வருவார்கள். அவர்கள் எதிரில் சொல்வேன். உனக்குக் கூச்சமாக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வாசல் பலகையைக் கழற்றிவிட்டேன். ஆணி அடித்த ஓட்டை இரண்டு தெரிகிறது, அடைக்கவில்லை. எர்த்து போட்டாகிவிட்டது, அளந்து பார்த்தாகிவிட்டது, பாப்பா எங்கே வேண்டுமானாலும் தவழலாம், எதை வேண்டுமானாலும் தொடலாம். தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு நானே தொட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் உனக்கு நம்பிக்கை வர நாளாகும், அது எனக்குப் புரிகிறது. அதனால் கடையிலிருந்து உன் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எடுத்து வந்து ஃப்ரிட்ஜுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கவில்லை, நடுவில் வைத்திருக்கிறேன்.

காரை நிறுத்தி சார்ஜில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா. பூஜை அறையைத் தாண்டி வா. தாகமாக இருந்தால் கூடத்தில் உட்கார். கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது, இப்போது எனக்குத் தெரியும். வெறுங்காலில் போய், நானே தண்ணீர் எடுத்து வருகிறேன்.

உன் நைனா